டைபீரியஸ் காசும் எங்கள் கிளை நகை மதிப்பீட்டாளரும்

வங்கி ஆபீசர் காசைப் பற்றி எழுதினால் "ஆபீசில் எண்ணுவது போதாதா?" என்பீர்கள். இது எண்ணுகிற காசு இல்லை. ஏமாந்த காசு.

எனக்குச் சொந்த ஊர் கரூர், பிழைக்க வந்த ஊர் பெங்களூரின் தொம்மலூர். இங்கே சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர், இன்னொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். வெளியூர் வந்துவிட்டோமே என்று வருத்தப்படும்போதெல்லாம் அங்கே போய் நின்றுவிட்டு வருவேன். கரூருக்கும் இந்தப் பக்கத்துக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது, ரோமானியக் காசு.

எங்கள் வீட்டிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டைப் பிடித்துக் கிழக்கே போனால் எச்.ஏ.எல். வரும். அந்தப் பக்கம் 1965-ல் 256 ரோமானியக் காசுகள் கிடைத்தன. அதற்கும் முன்னால் 1891-ல் யஷ்வந்த்பூரில் 163 வெள்ளிக்காசுகள். கரூரிலோ கேட்கவே வேண்டாம், அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்குவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் துணிக்கும் விலையாக வந்த பணம் இது. இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பியிருக்கிறார். ஆனால் தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிதான் மிகுதி. கி.பி. 64 வாக்கில் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டான், நம் ஆட்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பது ஒரு விளக்கம். பி.காம். படித்தவர்களுக்கு கிரஷாம் விதி ஞாபகம் வரும். நல்ல காசு பெட்டிக்குள் போகும், மட்டமான காசு சந்தைக்குப் போகும். 1940-ல் ரூபாயின் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்கியபோது நம் தாத்தாக்கள் செய்ததும் இதேதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு டைபீரியஸ் காசு இருந்தது. சாமி அறைக் குங்குமச் சிமிழில். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கோலைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒரு கஷ்டமான வருஷத்தில் அப்பா அதை விற்றார். எவ்வளவுக்கு என்று இன்றுவரை சொன்னதில்லை.

அவருக்கு எண்பது வயதாகிறது, அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. இணைய ஏலம் ஒன்றில் கண்ணில் பட்டது. "கரூரில் கிடைத்தது" என்று கீழே எழுதியிருந்தார் விற்பவர். அந்த ஒரு வரிதான் என்னைக் கவிழ்த்தது. கடைசி நிமிடங்களில் இன்னொருவர் இருநூறு இருநூறாக ஏற்றினார், நானும் விடவில்லை. (அந்த இன்னொருவர் விற்றவருடைய ஆளாகவே இருக்கலாம் என்பது இப்போது வரும் ஞானம்.) 9,400 ரூபாயில் முடிந்தது. அதற்கு மேல் கமிஷன், அதற்கு மேல் கூரியர். அசல் அந்த விலைக்குக் கிடைக்காது என்பதையும் ஆசை மறைத்துவிட்டது.

எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். அவர் தராசில் வைத்தேன். 3.1 கிராம். அசல் 3.7, 3.8 இருக்க வேண்டும். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு விளிம்பில் ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டினார். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்த காசில் அப்படிக் கோடு வராது. வார்த்த காசில்தான் வரும்.

இதில் பெரிய வேடிக்கை, இதே கிளையில் நான் ஒரு அம்மாவுக்குப் பாடம் நடத்தியவன். வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொன்னவனுக்கு அவர் "வரி" கட்டியிருந்தார். ரிசர்வ் வங்கி இப்படிக் கமிஷனோ வரியோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது, பேப்பர் படிக்க வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். அந்த அம்மா இப்போது என்னைப் பார்க்காமலிருக்க வேண்டும்.

பிறகு யோசித்தால் இன்னொன்று உறைத்தது. "கரூரில் கிடைத்தது" என்பது பொய்யானதால் என் பணம் போனது. உண்மையாக இருந்திருந்தால்? மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம். நூறு வயதான காசு தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ம் வருஷத்துச் சட்டம். என் ஆளிடம் உரிமம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

அதற்காகக் காசு வாங்குகிறவர்கள் எல்லோரும் வரலாற்றுக்கு எதிரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசைப் படித்துச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. மாக்கோதை பெயர் பொறித்த சேரர் காசும் கரூர் ஆற்று மணலில் வந்ததுதான். வாங்கிப் பார்க்க ஆளில்லாமல் போயிருந்தால் பாதிக் காசு வெள்ளிக் கொலுசாக உருகியிருக்கும். என்ன, அவர் படிக்க வாங்கினார். நான் பாசத்துக்கு வாங்கினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எதுவும் சொல்லாமல் அப்பா கையில் கொடுத்தேன். கட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

"சோப்பாட்ட இருக்குது கண்ணு. நம்முளுது இப்படி இருக்காது. எவ்வளவு குடுத்தே?"

நானும் சொல்லவில்லை.

திருப்பி அனுப்பும் தேதி தாண்டிவிட்டது. காசை மதிப்பீட்டாளர் கேட்டு வாங்கிக்கொண்டார், தொழில் கற்க வரும் அவர் மருமகனுக்குக் காட்டவாம்.