வெஸ்லியின் 28 பவுண்டு

அப்ரைசல் முடிஞ்சு சம்பளம் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு அதிசயம் நடக்கும். ஏறின பணம் எங்க போச்சுன்னே தெரியாது! மூணே மாசத்துல பழைய இழுபறி. உங்களுக்கும் அப்படித்தானே? :-) சர்ச்சுக்கு தசமபாகம் ஒழுங்கா எடுத்து வெச்சுடறதால, என் மனசாட்சி மட்டும் நிம்மதியா தூங்கிட்டிருந்தது. அதை எழுப்பிவிட்ட புண்ணியவான் ஜான் வெஸ்லி.

மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்சவர். ராயப்பேட்டைப் பக்கம் வெஸ்லி பள்ளிக்கூடம் பாத்திருப்பீங்களே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். 1703ல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில் பாதிரியார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கடன் கட்ட முடியாமல் 1705ல் லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தவர். காசோட அருமை தெரிஞ்ச குடும்பம்.

1726ல் ஆக்ஸ்போர்டில் லிங்கன் கல்லூரியில் ஃபெல்லோ ஆனார். கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பிச்சுது. நம்மாளும் நம்மளை மாதிரித்தான், தன் அறைச் சுவர்களை அலங்காரம் பண்ணிக்கிட்டார். ஒரு குளிர்நாளில், அவரும் நண்பர்களும் நடத்தின பள்ளியில் படிச்ச ஏழைப் பெண் ஒருத்தி வந்து நிக்கிறா. மேலே மெல்லிசா ஒரு லினன் கவுன், அவ்வளவுதான். வேற உடுப்பு கிடையாதாம். பாக்கெட்டில் கையை விட்டால், செலவு போக மிச்சம் ஒண்ணுமே தேறலை. இந்தப் பெண்ணுக்குப் போயிருக்க வேண்டிய காசைத்தானே சுவரில் மாட்டியிருக்கோம்னு அவருக்கு சுரீர்னு உறைச்சிருக்கு. வயசான பிறகு, உடை பற்றிய பிரசங்கம் ஒன்றில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

1787ல் வெளிவந்த இன்னொரு பிரசங்கத்தில் ஒரு சாதாரண கிறிஸ்தவனின் நாளையே பிரிச்சு மேயறார். எத்தனை மணி நேரம் தூங்கறே, எப்படி ஜெபம் பண்றே, வேலையில் எப்படி இருக்கே, சாப்பாட்டு மேஜையில் என்ன பேசறேன்னு வரிசையா போய் கடைசியில் பணத்தில் கை வைக்கிறார். ஆக்ஸ்போர்டு இளைஞன் ஒருத்தன் கதை வருது (அது அவரேதான்னு பொதுவா எடுத்துக்கறாங்க). முதல் வருஷம் வருமானம் 30 பவுண்டு. 28ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தான். அடுத்த வருஷம் 60. அப்பவும் வாழ்ந்தது அதே 28ல், கொடுத்தது 32. அப்புறம் 90 வந்தப்போ 62, 120 வந்தப்போ 92!

இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். நான் எவ்வளவு கொடுக்கணும்கிறதை மட்டும் நிர்ணயம் பண்ணியிருந்தேன். அந்த மனுஷன் எவ்வளவில் வாழணும்கிறதை நிர்ணயம் பண்ணிட்டார். பத்தில் ஒண்ணு போனதும் மீதி ஒன்பது கேள்வி கேட்பாரில்லாம எனக்குன்னு ஆகிடுச்சு இல்லையா, அவர் கணக்கில் அந்த ஒன்பதும் விசாரணைக் கூண்டில் நிக்குது.

"பிரம்மச்சாரி, அவருக்கென்ன"ன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. 1751ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அது சரிவரலை என்பது தனிக் கதை. ஆனா பணத்தில் கடைசிவரை மாறலை. 1776ல் வீட்டில் இருக்கும் வெள்ளிச் சாமான்களுக்கு வரி கட்டச்சொல்லி கடிதம் வந்தப்போ, லண்டனில் ரெண்டு ஸ்பூன், பிரிஸ்டலில் ரெண்டு ஸ்பூன், அவ்வளவுதான் இருக்குன்னு பதில் எழுதினார்.

அவரோட ஜனங்கள்? நல்லா சம்பாதி, நல்லா சேமி, நல்லா கொடுன்னு 1760ல் அச்சான பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். முதல் ரெண்டையும் சமத்தா பிடிச்சுக்கிட்டாங்க, மூணாவதை விட்டுட்டாங்க. குடிக்காம, ஊதாரித்தனம் இல்லாம உழைச்சா பணம் சேரத்தானே செய்யும்? பணம் சேரச்சேர பக்தி குறையுதேன்னு 1786ல் புலம்பி எழுதினார். மாக்ஸ் வெபர் தன் முதலாளித்துவ ஆராய்ச்சியில் அந்தப் புலம்பலை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு பிரசங்கிக்கு இதைவிட வலிக்கிற தோல்வி இருக்குமான்னு தெரியலை.

1791ல் இறந்தார். பெட்டியைத் தூக்க ஆறு ஏழைகள், ஆளுக்கு ஒரு பவுண்டு கூலி, ஆடம்பரம் கூடாதுன்னு உயில்.

நானும் எக்செல்லைத் திறந்து என்னோட 28 எதுன்னு ஒரு தொகையைப் போட்டு வெச்சேன். எட்டிப் பார்த்த தங்கமணி, "இதுல அந்த கேமரா லென்ஸும் சேர்த்தியா?"ன்னு கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லலை.