நீர்வழிப் பயிற்சிச் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், பக்கவாதத்திற்குப் பின் மீண்டும் நடக்கப் பழகுபவர்களுக்கும், நாட்பட்ட முதுகுவலி உள்ளவர்களுக்கும் நீருக்குள் பயிற்சி செய்யுமாறு மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. உடனே குடும்பத்தினருக்குப் பல ஐயங்கள் எழும். நீச்சல் தெரியாத தாயாரை நீரில் இறக்கலாமா? அந்த நீர் தூயதாக இருக்குமா? கால் தவறினால் என்ன செய்வது? இவை நியாயமான ஐயங்களே. நீர் உடலின் சுமையைத் தாங்கிக்கொள்கிறது என்பது உண்மை. ஆயினும் பயிற்சிக்கு ஏற்ற உடல்நிலை, தூய நீர், கையெட்டும் தொலைவில் விழிப்புடன் ஒருவர் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அதன் பயன் பாதுகாப்பாகக் கிடைக்கும்.

நீர்வழிப் பயிற்சி என்றால் என்ன?

வெதுவெதுப்பான நீர் நிரம்பிய குளத்தில், இயன்முறை சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்யப்படும் உடற்பயிற்சியே இது. இயற்கை மருத்துவத்தில் அளிக்கப்படும் ஈரத்துணிப் பட்டி, இடுப்புக் குளியல் போன்றவை இதிலிருந்து வேறுபட்டவை. பெரும்பாலான பயிற்சிகளுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மார்பளவு நீரில், பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டே அவற்றைச் செய்யலாம்.

நீர் எவ்வாறு உதவுகிறது?

• சுமை குறைதல்: இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கையும், கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கையும் மட்டுமே தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மார்பளவு நீரில் நின்றால், அவருடைய கால்களின் மீது சுமார் 20 கிலோ சுமையே இருக்கும். தரையில் இரண்டடி வைக்க வலிக்கும் முழங்கால், நீரில் எளிதாக நடக்க இதுவே காரணம்.

• எதிர்விசை: கையையோ காலையோ வேகமாக அசைத்தால் நீரின் தடை மிகும், மெதுவாக அசைத்தால் குறையும். எனவே பயிற்சியின் கடுமையை நோயாளியே கட்டுப்படுத்திக்கொள்ள இயலும்.

• வெதுவெதுப்பு: சிகிச்சைக் குளத்தின் நீர் பொதுவாக 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இது தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. போட்டி நீச்சல் குளங்களின் நீர் இதைவிடக் குளிர்ந்தது.

• நீரழுத்தம்: கால் வீக்கம் குறைய இது உதவும். அதே அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை மார்பை நோக்கித் தள்ளுவதால், இதய நோயாளிகள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம்?

முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் வலியும் இயக்கக் குறைபாடும் ஓரளவு குறையும். பயிற்சியை நிறுத்தினால் இப்பயனும் நாளடைவில் குறையலாம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளராது. பக்கவாத நோயாளிகளுக்கு நடை, சமநிலை ஆகியவற்றைப் பழக இது ஒரு துணைச் சிகிச்சை. எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

யார் நீரில் இறங்கக் கூடாது?

கீழ்க்கண்ட நிலைகளில், மருத்துவர் அனுமதிக்கும் வரை நீரில் இறங்க வேண்டாம்:

• காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பரவக்கூடிய தோல் தொற்று
• ஆறாத புண், தையல் பிரிக்கப்படாத அறுவைச் சிகிச்சைக் காயம்
• கட்டுக்குள் வராத வலிப்பு நோய்
• கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, அண்மையில் ஏற்பட்ட மாரடைப்பு அல்லது நெஞ்சுவலி
• ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல்
• கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை
• கட்டுப்படுத்த இயலாத மலப்போக்கு

செவிப்பறையில் துளை உள்ளவர்களும், சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களும், கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நீரிழிவு நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குளத்தின் சொரசொரப்பான தரையில் காயம் பட்டாலும் தெரியாது. அவர்கள் நீரில் அணியும் காலணியுடன் இறங்க வேண்டும். வெளியேறியதும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் ஈரம் போகத் துடைத்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை அளவைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது.

பயிற்சி எவ்வாறு நடைபெறும்?

தொடக்கத்தில் 15 முதல் 20 நிமிடங்கள் போதுமானவை. உடல் பழகியபின் படிப்படியாக 30 நிமிடங்களுக்கு மேல் நீட்டிக்கலாம். வாரத்திற்கு 2 அல்லது 3 முறை செய்வது வழக்கம். முன்னும் பின்னும் நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், கம்பியைப் பற்றிக்கொண்டு காலைப் பின்புறம் உயர்த்துதல், அரைக்குந்து நிலையில் அமர்ந்து எழுதல் ஆகியவை முதற்கட்டப் பயிற்சிகள்.

பயிற்சியால் ஏற்பட்ட கூடுதல் வலி இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், பயிற்சி அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரிலும் உடல் வியர்க்கும் என்பதால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் அருந்த வேண்டும்.

குளத்தைவிட்டு ஏறும் வேளையே மிகுந்த கவனத்திற்குரியது. அதுவரை நீர் தாங்கிய எடை முழுவதும் படிக்கட்டில் கால்களின் மீது திரும்புகிறது; இரத்த அழுத்தமும் திடீரெனக் குறையலாம். எனவே கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியிலும் சற்றே நின்று ஏறி, மேலே வந்ததும் சில நிமிடங்கள் நாற்காலியில் அமர வேண்டும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கு

தவளை நீச்சலில் கால்களை அகட்டி உதைப்பது முழங்காலின் உட்புறத் தசைநாரை வருத்தும். மூட்டு வலியுள்ளோர் அதைத் தவிர்ப்பது நன்று. ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கையைத் தலைக்கு மேல் மீண்டும் மீண்டும் வீசுவதால் தோள்வலி மிகலாம். மூச்செடுக்கக் கழுத்தைத் திருப்புவதால் கழுத்துவலியும் மிகலாம். கழுத்துவலியுள்ளோர் பலருக்கு மல்லாந்து நீந்துவது எளிதாக இருக்கும்.

குளம் தூயதா என்று எவ்வாறு அறிவது?

1. குளத்தின் ஆழமான பகுதியிலும் அடித்தரையும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையெனில் இறங்க வேண்டாம். கலங்கிய நீரில் மூழ்குபவர் கண்ணுக்குப் புலப்படமாட்டார்.

2. குளோரின், பிஎச் அளவுகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைக் காட்டுமாறு கேளுங்கள். தனித்த குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும். பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருப்பது நன்று. அதற்கு மேல் போனால் குளோரினின் கிருமிநீக்கும் திறன் குறையும்.

3. மூக்கைத் துளைக்கும் நெடி தூய்மையின் அடையாளம் அன்று. வியர்வை, சிறுநீர் போன்றவை குளோரினுடன் சேர்ந்து உண்டாகும் சேர்மங்களே அந்நெடிக்குக் காரணம். கண் எரிச்சலும் இருமலும் அவற்றால் வருவனவே.

4. தலையில் எண்ணெயுடன் இறங்காமல், சோப்பிட்டுக் குளித்தபின் இறங்குங்கள். சேலை, வேட்டி, துப்பட்டா போன்றவை நீரில் கால்களைச் சுற்றிக்கொள்ளும். கைகால்களை மூடும், உடலோடு பொருந்திய நீச்சல் உடை ஏற்றது.

5. முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒரு வாரத்திற்கு மேல் உயிர்வாழும். எனவே வயிற்றுப்போக்கு உள்ளவர் எவரும் குளத்தில் இறங்கக் கூடாது. இக்கிருமியால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டிருந்தால், அது முற்றிலும் நின்றபின் இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

குளம், குட்டை, கிணறு ஆகியவை சிகிச்சைக் குளத்திற்கு மாற்று அல்ல. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா அமீபா, மூக்கின் வழியே மூளையைத் தாக்கக்கூடியது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அமீபாவால் மூளைக்காய்ச்சல் ஏற்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. இது அரிதான நோய். ஆனால் மிகக் கொடியது. நீரில் இறங்கிய 12 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, கையசைப்பதும் இல்லை. ஓசையின்றி, மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கிவிடுவார். எனவே நோயாளி நீரில் இருக்கும்வரை கைப்பேசியை எடுத்துவைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருங்கள். வலிப்பு நோய் உள்ளவரை, மருந்தால் நோய் கட்டுக்குள் இருந்தாலும், ஒரு கணமும் தனியே விடக் கூடாது. காற்றடைத்த வளையங்களை உயிர்காப்புச் சாதனமாக நம்ப வேண்டாம்.

ஒருவர் மூழ்கி மீட்கப்பட்டால்:

• உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.
• வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றவோ, தலைகீழாகத் தூக்கிச் சுழற்றவோ கூடாது. இதனால் பொன்னான நேரம் வீணாகும். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் செல்லவும் கூடும்.
• மூச்சில்லையெனில், பயிற்சி பெற்றவர் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, பின் 30 முறை மார்பழுத்தம், 2 முறை மூச்சு என்று தொடர வேண்டும். பயிற்சி பெறாதவர் மார்பழுத்தமாவது தொடர்ந்து அளிக்க வேண்டும்.
• நினைவு திரும்பினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

அருகில் சிகிச்சைக் குளம் இல்லையெனில்

கவலை வேண்டாம். மூட்டுத் தேய்மானத்திற்குத் தரையில் முறையாகச் செய்யும் பயிற்சிகளும் நல்ல பயன் தருகின்றன. அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லத்திற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.

நீரில் நடப்பதைவிட, மூட்டுகளை அசைக்காமல் முடங்கிக் கிடப்பதே பெரும்பாலான மூட்டு நோயாளிகளுக்குத் தீங்கானது. மருத்துவரின் ஒப்புதலைப் பெற்று, உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியவாறு முதல் படியில் கால் வையுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை; உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா.