பெத்லகேமைப் பாடிய கவிஞரும் பந்தி வரிசையும்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் திருத்தணிக்கு ஓய்வில்லை. மாதத்தின் கடைசி நாளில் மலையின் 365 படிகளிலும் படித்திருவிழா நடக்கிறது. பேருந்தும் ரயிலும் நிரம்பி வழிகின்றன. அதே நாட்களில் நமக்கோ கீத பவனி, ஞாயிறு பள்ளி விழா, புத்தாடை, கேக், நட்சத்திர விளக்கு, ஆண்டிறுதி ஆராதனை என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தனை ஓட்டத்தின் நடுவே, நாம் உண்மையாகவே ஒன்றுகூடுகிறோமா என்று கேட்க நேரம் கிடைப்பதில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியை நம் திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கத்திலிருந்து கேட்க விரும்புகிறேன்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை நீங்கள் அறிவீர்கள். 1774-இல் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே ஆசானிடம் கற்றவரே. சாஸ்திரியார் 1800-இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். குறத்தி குறி சொல்லும் நம் மண்ணின் நாடக வடிவத்தை எடுத்து, அதைக் கிறிஸ்துவின் மேல் திருச்சபை கொண்ட அன்பைச் சொல்லும் நூலாக மாற்றினார். பெத்லகேமைத் தமிழர் தங்கள் சொந்த ஊரைப்போல உணரும்படி செய்தவர் அவர்.

ஆயினும் அந்தக் கவிஞரின் வாழ்வில் ஒரு கசப்பான போராட்டமும் உண்டு. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் பல பழைய வழக்கங்களை மாற்றத் தொடங்கினர். சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். அவருடைய மனக்குறைகள் முக்கியமாக நான்கு. பழகிய தமிழ் வேதாகமத்தை மாற்றியது ஒன்று. திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பூக்களை விலக்கியது மற்றொன்று. தமிழ்ப் பாடல்களை ஆராதனையிலிருந்து ஒதுக்கியது மூன்றாவது. நான்காவது, சாதி வேறுபாடின்றி சபையார் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்தது.

அக்காலத்துச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. திருவிருந்துக்கும் ஒரு சாரார் முன்னும் மற்றொரு சாரார் பின்னும் வந்தனர். இது சமூக வழக்கமேயன்றி விசுவாசத்தோடு தொடர்புடையதல்ல என்றும், பழைய மிஷனரிமார் இதைப் பொறுத்துக்கொண்டனர் என்றும் சாஸ்திரியார் வாதிட்டார்.

சென்னைக்குத் தனிப் பேராயம் அமையாத காலம் அது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும், உடனடியாக, நிரந்தரமாக ஒழியவேண்டும் என்பது அதன் கட்டளை. அது தஞ்சையில் வாசிக்கப்பட்டபோது பலர் சபையை விட்டு விலகினர். பாடலும் ஜெபமும் வேதமும் அறிந்தவர்கள், ஒரே பந்தியில் சேர மனமில்லாமல் வெளியேறினார்கள்.

சாஸ்திரியாரை இங்கே எளிதாகக் குற்றப்படுத்திவிட வேண்டாம். பூக்களைக் குறித்தும் பாடல்களைக் குறித்தும் அவர் சொன்னது சரி. இன்று நம் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகள் ஒலிப்பதும், பண்டிகையன்று பீடத்தில் பூக்கள் இருப்பதும் அவரைப் போன்றோர் விட்டுக்கொடுக்காததன் பலன். பந்தியைக் குறித்து மட்டும் அவர் தவறினார். ஒரு மனிதர் பெத்லகேமை அத்தனை அழகாகப் பாடவும், பெத்லகேமின் மேய்ப்பர்களைப் போன்ற எளியோரோடு சமமாக அமரத் தயங்கவும் முடியும் என்பதே இந்தப் பக்கம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இதையே கொரிந்து சபையில் கண்டார். கர்த்தருடைய பந்திக்கென்று கூடியவர்களில் ஒருவன் பசியோடிருக்க, மற்றொருவன் நிறைவாய்க் குடித்திருந்தான் (1 கொரிந்தியர் 11). கூட்டம் இருந்தது, ஐக்கியம் இல்லை. கூடிவருதல் நன்மைக்கல்ல, தீமைக்கே ஏதுவாயிற்று என்று அவர் கண்டித்தார்.

நம் சபையில் இன்று தனி வரிசைகள் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சென்ற ஆண்டு கீத பவனியில், நேரமில்லை என்று ஊரின் கடைசித் தெருவை விட்டுவிட்டோம். அந்தப் பட்டியலை எழுதியவன் நானே. மறுநாள் ஆராதனை முடிந்து அத்தெருவின் மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து, "விளக்கேத்தி வெச்சு ராத்திரி முழுக்கக் காத்திருந்தோம், ஐயரே" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது. நேரம் குறையும்போது நாம் முதலில் விட்டுவிடுவது எந்தத் தெருவை, ஏன் அதையே என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். சட்டம் போட்டு ஒழித்த வரிசை, அவசரம் என்ற பெயரில் திரும்ப வந்துவிடக்கூடும்.

ஆகவே இவ்வாண்டு நம் பவனி அந்தக் கடைசித் தெருவிலிருந்தே தொடங்கும். பண்டிகை நாள் விருந்தில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து அமராமல், இதுவரை நீங்கள் பேசியிராத ஒருவரின் அருகில் அமருங்கள். தமிழ் பேசுகிறவர் தெலுங்கு பேசுகிறவரின் பக்கத்தில் அமரட்டும். பலகாரத் தட்டை உறவினர் வீட்டுக்கு அனுப்புமுன், திரும்பத் தர இயலாத ஒரு வீட்டுக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள். வேலை ஒன்று குறைந்தாலும் குறையட்டும்.

சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்டவர், இடமில்லாதவர்களோடு தம்மை என்றென்றைக்கும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு இடம் கொடாத பந்தியில் அவருக்கும் இடமிராது. ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் கிருபையைக் கர்த்தர் தாமே நம் அனைவருக்கும் அருள்வாராக. ஆமென்.