நின்றவனும் ஓடினவனும்

2024 ஜனவரி 1, 2 தேதிகளில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். பெட்ரோல் கிடைக்காமல் போய்விடும் என்று பங்குகளில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கு முந்தைய வாரம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவுதான் காரணம். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமாகி, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்றது அது.

அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் இதே பேச்சுதான். "ஓடுறவனுக்குப் பத்து வருஷம் போதாது" என்றார் ஒருவர். "நின்னா ஊருக்காரன் அடிச்சே கொன்னுருவான், அண்ணாச்சி" என்றார் இரண்டு லாரி வைத்திருக்கும் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல, மோட்டார் வண்டியோடு கூடவே வந்தது.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். நாம் 'ஷோஃபர்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் முதல் பொருள் கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவன் என்பதுதான். நீராவிக் காலத்துப் பெயர் பெட்ரோல் காலத்திலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரான்சில் 1908 ஜூலை 17-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. தன் வண்டியால் விபத்து நடந்தது தெரிந்தும் நிறுத்தாமல், பொறுப்பிலிருந்து தப்பப் பார்க்கும் ஓட்டுநருக்குத் தண்டனை. 'தெலி த ஃபுயீத்' என்பார்கள், ஓடிப்போன குற்றம். விபத்து வேறு, ஓட்டம் வேறு என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்தது. முதலாவது கை தவறி நடக்கலாம். இரண்டாவது மனம் அறிந்து செய்வது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இதே கடமையைச் சொன்னது. அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். நம் நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில் இருந்தது. அந்த அரசு 1938 பிப்ரவரி 20-ஆம் தேதியே, லண்டனிலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்து, அரசுப் பேருந்துகளை ஓடவிட்டிருந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம்.

பிறகு வந்தது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 134-ஆம் பிரிவு பழைய கடமையையே திரும்பச் சொன்னாலும் ஒரு விலக்கும் கொடுத்தது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் ஓட்டுநர் அங்கே நின்று உதவ வேண்டியதில்லை. டீக்கடையில் லாரி உரிமையாளர் சொன்ன பயத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் போலீசுக்குச் சொல்லும் கடமைக்கு இந்த விலக்கு கிடையாது.

கடமையைத் தவறினால் என்ன தண்டனை? மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகுதான் ஆறு மாதம், 5,000 ரூபாய் என்று உயர்ந்தது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை. ஒரு டிரைவர் கணக்குப் போட்டால் என்ன வரும்? நின்றால் அடி நிச்சயம், வழக்கும் நிச்சயம். ஓடினால், பிடிபட்டால்தான் வழக்கு, கூடவே ஐந்நூறு ரூபாய். சட்டம் நில் என்றது, கணக்கு ஓடு என்றது.

இந்தக் கணக்கைப் புது டிரைவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? சட்டப்படி 20 வயது ஆகவேண்டும், இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். நடைமுறையில் லாரிக்காரனுக்குப் பள்ளிக்கூடம் கிளீனர் சீட்டுதான். டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது, ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வளையத்தை எப்படிப் பிடிப்பது, முப்பந்தல் இசக்கியம்மனுக்கு எங்கே நிறுத்திக் காசு போடுவது, எல்லாம் மூத்த டிரைவரைப் பார்த்து வருகிற பாடம். அந்த வரிசையில் ஒரு பாடம் இதுவும்: "ஆளைத் தட்டிட்டா சாவிய எடுத்துட்டு ஓடிரு, முதலாளிக்குச் சொல்லு. மத்தத அவரு பாத்துக்குவாரு." சில சமயம் முதலாளி பார்த்துக்கொள்வது என்பது, ஓட்டினவனுக்குப் பதிலாக லைசென்ஸ் உள்ள வேறொருவனை ஸ்டேஷனுக்கு அனுப்புவது. முதல் தப்புக்கே பொய்யைப் படித்துக்கொள்ளும் பையன் அடுத்த தப்புக்கு என்ன படிப்பான்?

அவன் ஓடுவதால் யாருக்கு நஷ்டம் என்பதை நான் தெரிந்துகொண்டது வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தபோது. தட்டிவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் ஒரு தொகை உண்டு. அந்த மனுக்களைத் தாசில்தார் மட்டத்தில் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். 1982-ல் திட்டம் வந்தபோது சாவுக்கு 5,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 1,000. 1988 சட்டத்தில் அது 8,500, 2,000 ஆனது. 1994-ல் 25,000, 12,500. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் அசையவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல்தான் 2 லட்சம், 50,000.

அப்படி வந்த கோப்பு ஒன்று இன்னும் மனத்தில் நிற்கிறது. கொத்தனார் வேலை பார்த்தவர், முப்பது வயது சொச்சம், மூன்று பிள்ளைகள். வண்டி எண் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக அந்த அம்மா எத்தனை முறை படியேறினார் என்று எனக்குத் தெரியும். அந்த எண் மட்டும் தெரிந்திருந்தால், மோட்டார் விபத்து தீர்ப்பாயம் இறந்தவரின் வயது, வருமானம், நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பல மடங்கு கொடுத்திருக்கும். அதைக் கொடுப்பது டிரைவர் அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபருக்கான காப்பீடு 1946 ஜூலை 1 முதலே கட்டாயம். ஓடினவன் தன் கைக்காசைக் காப்பாற்றவில்லை, மூன்று பிள்ளைகளின் சோற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

எதிர்மாறாகவும் ஒன்று பார்த்தேன். எங்கள் தெருவில் குடியிருந்த பையன், கிளீனராக இருந்து வளையம் பிடிக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருக்கும். செங்கல் லோடு இறக்கிவிட்டு லாரியைப் பின்னால் எடுத்தபோது ஒரு பெரியவரின் காலில் ஏற்றிவிட்டான். கூடியவர்கள் இரண்டு அடி அடித்தார்கள். அடியை வாங்கிக்கொண்டு பெரியவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய்த் தன் பெயரையே எழுதிக் கொடுத்தான். முதலாளி அவனை நிறுத்திவிட்டார். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். பெரியவருக்கு ஒரு கால் போயிற்று, உயிர் தங்கியது. இழப்பீடும் வந்தது. அவருடைய மகனே ஒருநாள் என்னிடம், "அவன் ஓடியிருந்தா அப்பா ரத்தம் போயே செத்திருப்பாரு" என்றான்.

பொறுப்பு டிரைவரோடு முடிந்துவிடுவதும் இல்லை. பிரான்சில் பெல்ஃபோர் நகரில் 1925-ல் ஒரு சிறுமியை லாரி ஏற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1930 பிப்ரவரி 13-ல் தீர்ப்பானது. ஜாந்தர் வழக்கு என்று பெயர். ஓட்டினவனின் தப்பை நிரூபிக்காவிட்டாலும், வண்டியைத் தன் வசம் வைத்திருப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நம் நாட்டில் யார் தப்பு என்று பாராமல் ஒரு தொகை தரவேண்டும் என்ற விதி 1982-ல்தான் வந்தது. சாவுக்கு 15,000 ரூபாய்.

இன்று நம் மாவட்டச் சாலைகளில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிப் போகும் டாரஸ் லாரிகளைப் பார்க்கிறோம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இன்னொரு நடை அடி என்று விரட்டும் முதலாளி, விபத்து நடந்த பிறகு டிரைவரை மட்டும் கைகாட்டுவது முறையல்ல.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த 106(2) அமலுக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. மற்ற பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. 106(1)-ன்படி இப்போது தண்டனை ஐந்து ஆண்டு வரை. நிறுத்தி வைத்த உட்பிரிவும்கூட, அடி வாங்கிக்கொண்டு அங்கேயே நில் என்று சொல்லவில்லை, உடனே தெரிவி என்றுதான் சொல்கிறது. கையில் போன் உள்ள காலத்தில் அது முடியாத காரியமல்ல. 108-ஐக் கூப்பிடலாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஆள் கூட்டம் மிரட்டினால் நேரே அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தலாம்.

நம் வயதுக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் டிரைவர்மேல் முதலில் கை ஓங்குகிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டியது நாம்தான். பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ புதிதாகப் பேட்ஜ் எடுத்து வந்தால், இனிப்பு வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்: "மக்கா, தப்பு நடந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, போலீசுக்குச் சொல்லு, உன் பேரைச் சொல்லு." கிளீனர் சீட்டில் அவனுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.