ஓ இருந்த இடத்தில் ஜீரோ

2012 அக்டோபர். பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் திட்டம் என்று தைவான் அரசு ஒரு விளம்பரம் விட்டது. திட்டம் என்னவென்று அதில் ஒரு வார்த்தை இல்லை. சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, வேலையைப் பார்க்க விடுங்கள் என்கிற தோரணை மட்டும் இருந்தது. ஜனங்களுக்குக் கடுப்பு.

யாஹூ நடத்திய ஹேக்கத்தான் என்கிற மென்பொருள் போட்டிக்கு வேறு யோசனையோடு தயாராகிக்கொண்டிருந்த நண்பர்கள் நால்வர், அதை ஓரங்கட்டிவிட்டு அரசின் பட்ஜெட்டைக் கையில் எடுத்தார்கள். துறைக்கு ஒரு வட்டம். பணம் கூடினால் வட்டமும் பெரிதாகும். ஒரு தொகைக்கு எத்தனை பள்ளிச் சாப்பாடு, எத்தனை ஐபோன், எத்தனை நிமிட விண்வெளிப் பயணம் என்றுகூடப் பார்க்கலாம். அங்கே கிடைத்த பரிசுப் பணத்தில் டிசம்பரில் தாங்களே ஒரு ஹேக்கத்தான் கூட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த எண் பூஜ்யம்!

இப்படிப் பிறந்ததுதான் ‘கவ் ஜீரோ’ என்ற தன்னார்வலர் குழு. தைவானின் அரசுத் தள முகவரிகளில் ‘ஜிஓவி’ என்று வரும். இவர்கள் நடுவிலுள்ள ஓ-வை எடுத்துவிட்டு ஜீரோ போட்ட முகவரியைப் பதிவு செய்துகொண்டார்கள். சட்டமன்றத் தளத்தின் முகவரியில் அந்த ஓரெழுத்தை மாற்றித் தட்டினால், மக்கள் கட்டிய சட்டமன்றத் தளம் திறக்கும்படி செய்தார்கள். மனு கொடுத்துக் காத்திருக்கிற வேலையே இல்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 2014-இல் நடந்தது. வேட்பாளர்களின் நன்கொடைக் கணக்கை அரசு ஒளிக்கவில்லை. அலுவலகத்துக்கு நேரில் போய்த் தாளில் நகல் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஒளிப்பதற்கு இதைவிட மரியாதையான வழி உண்டா? தன்னார்வலர்கள் அந்தத் தாள்களை வாங்கி ஸ்கேன் செய்தார்கள். மென்பொருள் அட்டவணைகளைக் கட்டம் கட்டமாக நறுக்கியது. திரையில் ஒரு கட்டம் வரும். அதில் தெரிவதைத் தட்டச்சு செய்தால் அடுத்தது வரும். விளையாட்டுப்போலச் சுமார் 9,000 பேர் கைகொடுக்க, 24 மணி நேரத்தில் 3 லட்சம் கட்டங்களுக்கு மேல் முடிந்தன. கணக்குகளை இணையத்தில் வெளியிட வகைசெய்யும் சட்டத்திருத்தம் 2018-இல் வந்தது.

அதே 2014 மார்ச்சில் போராட்டம் நடத்திய மாணவர்கள் சட்டமன்றத்துக்குள் புகுந்து உட்கார்ந்தபோது, இணைய இணைப்பு கொடுத்து உள்ளே நடப்பதை நேரலையில் காட்டியதும் இவர்கள்தான். டிசம்பரில் அமைச்சர் ஜாக்லின் சாய் இவர்களுடைய கூட்டத்துக்கே வந்து, சட்டங்களைப் பற்றி மக்கள் விவாதிக்க ஒரு தளம் வேண்டும் என்று கேட்டார். வந்தது ‘வி தைவான்’.

2016-இல் இவர்களில் ஒருவரான ஆட்ரி டாங் அமைச்சரானார். தான் நடத்தும் கூட்டங்களில் பேசப்படுவது எழுத்து வடிவில் இணையத்தில் போடப்படும் என்பது, பதவியேற்க அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று.