மரமும் கனியும்: 1959ஆம் ஆண்டின் பொருளியற் பேராசிரியர்களும் இலங்கையும்

பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியே வந்து நாட்டின் நடைமுறைப் பொருளாதாரம் பற்றிக் கருத்துரைப்பது இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அவர் கூறுவது நிபுணர் கருத்து என்ற மதிப்புடன் உலவுகின்றது. அக்கருத்துச் சரியானதா பிழையானதா என்று வினவுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். ஆயின் வரலாற்று நோக்கில் வேறொரு வினாவும் உண்டு. பேராசிரியர் கூறியவற்றுள் எது நிலைபெற்றது, எது கைவிடப்பட்டது, அத்தெரிவைச் செய்த வர்க்க நலன் யாது? இவ்வினாவை ஆராய்வதற்கு ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கையில் நடந்த நிகழ்ச்சியொன்று பெரிதும் உதவும்.

1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் தேசியத் திட்டமிடற் சபையை நிறுவியது. கமனி கொறயாவின் பொறுப்பில் இயங்கிய திட்டமிடற் செயலகம், அக்காலத்தின் புகழ்வாய்ந்த பொருளியலாளர் பலரை இலங்கைக்கு வரவழைத்தது. கேம்பிறிட்ஜிலிருந்து யோன் றொபின்சனும் நிக்கலஸ் கால்டோரும், ஒக்ஸ்போர்டிலிருந்து ஜோன் ஹிக்ஸும் ஊர்சுலா ஹிக்ஸும், ஹாவார்டிலிருந்து கல்பிறெய்த்தும், சுவீடனிலிருந்து குணார் மிர்டாலும், சோசலிசப் போலந்திலிருந்து ஒஸ்கார் லாங்கேயும் வந்தனர். இவர்களுடைய கட்டுரைகள் 1959இல் ஒரே தொகுதியாக வெளியிடப்பட்டன. அவ்வாண்டிலேயே பத்தாண்டுத் திட்டமும் வெளிவந்தது. சிறியதொரு நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி இத்துணைப் பெரும் பேராசிரியர்கள் ஒருங்கே கருத்துரைத்தமை அபூர்வமான நிகழ்ச்சியே.

அவர்கள் கண்ட இலங்கையின் நிலை விசித்திரமானது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று பயிர்களே ஏற்றுமதி வருவாயின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை ஈட்டின. மறுபுறம், 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருந்தது. மலேரியா ஒழிப்பின் பயனாக 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே 14 அளவுக்கு வீழ்ந்தது. போர்க் காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி தொடர்ந்து வழங்கப்பட்டது. வறிய நாடொன்றின் உற்பத்தி அமைப்பும், அதனை விஞ்சிய சமூக நலன்களும் ஒருங்கே நிலவின.

இம்முரண்பாட்டை யோன் றொபின்சன் ஓர் உவமையில் அடக்கினார். நடுகைக்கும் நுகர்ச்சிக்கும் உரிய முறை இலங்கையில் தலைகீழாகிவிட்டது என்பதை அவர் மரத்தையும் கனியையும் கொண்டு உணர்த்தினார். அன்றுதொட்டு இன்றுவரை இலங்கைப் பொருளாதாரம் பற்றி எழுதுவோர் அதனை மீண்டும் மீண்டும் எடுத்தாள்கின்றனர். தொகுதியிலுள்ள ஏனைய கட்டுரைகளைப் படியாதவர்களும் இவ்வொன்றை அறிவர். பொருளியல் எனது துறையன்று. உவமைகளை ஆராய்வது எனது துறை. ஆகவே இவ்வுவமையைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

உவமையின் எழுவாய் 'நாடு'. நடவேண்டியதும் நாடு, உண்டதும் நாடு. இலங்கை ஒரே குடும்பமாகவும், முன்யோசனையற்ற குடும்பமாகவும், காட்சி தருகின்றது. ஆனால் மலைநாட்டில் நின்று நோக்குமிடத்து, நட்டவரும் உண்டவரும் ஒருவரல்லர் என்பது வெளிப்படை. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை மலைகளைப் போர்த்தது. அச்செடிகளை நட்டோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். 1953ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் இந்தியத் தமிழராகப் பதியப்பட்டோர் 9 இலட்சத்துக்கும் அதிகமாவர். இவர்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இலவசக் கல்வி என்னும் கனி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை; அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். தோட்டத்தில் கொடுக்கப்பட்ட அரிசியின் விலையோ சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. ஸ்ரேலிங் கம்பனிகளின் இலாபம் இலண்டனைச் சென்றடைந்தது; அக்கம்பனிகளின் தோட்டங்கள் 1975இலேயே தேசியமயமாக்கப்பட்டன.

றொபின்சன் கருதிய மரம் எதிர்கால முதலீடு, தேயிலைச் செடியன்று என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பே. 1942இல் மார்க்சியப் பொருளியல் பற்றித் தனிநூல் எழுதியவர் அவர், உழைப்பாளருக்குப் பகைவரல்லர். எனினும், ஒருவர் கையாளும் உவமை அவர் கருதியதோடு நின்றுவிடுவதில்லை. அதனை எடுத்தாள்வோர் கையில் அது வேறு பணி செய்கின்றது. அதே ஐம்பதுகளில், அதே ஆங்கில மொழியில், 1947 முதல் 1952 வரை தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்திலிருந்த சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையை எழுதினார். கல்லறையுமின்றித் தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்டோரை அது பாடிற்று. மரத்தை நட்டவர் யார் என்னும் வினாவுக்கு விடை அங்கே இருந்தது. ஆயினும், பொருளாதார விவாதத்துக்குரிய சான்றாகக் கவிதையை எவரும் கொள்ளவில்லை.

இனி, கால்டோரை நோக்குவோம். நாடு என்ற எழுவாயைப் பிளந்து, எவர் செலுத்தவேண்டும் என்று வினவியவர் அவர். உழைத்துப் பெற்ற வருமானத்துக்கு மட்டுமன்றி, செல்வர் ஆடம்பரமாகச் செலவிடும் தொகைக்கும், குவித்த சொத்துக்கும், கொடுக்கும் நன்கொடைக்கும் வரி விதிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. இந்தியாவுக்கு 1956இல் இவ்வாலோசனையைக் கூறினார். இலங்கையில் 1959ஆம் ஆண்டின் சட்டத்தின்மூலம் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகிய மூன்றும் நடைமுறைக்கு வந்தன. ஸ்ரான்லி த சொய்சா நிதியமைச்சராயிருந்தார். உலகில் செலவு வரியை நடைமுறையிற் சோதித்த நாடுகள் இந்தியாவும் இலங்கையுமே. எங்கள் சோதனை நான்கு ஆண்டே நீடித்தது. 1963இல் செலவு வரி நீக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்த கட்சியின் ஆட்சிக் காலத்திலேயே நீக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1976இல் மீண்டும் விதிக்கப்பட்டு, 1977 ஆட்சிமாற்றத்தோடு மறைந்தது. நிர்வாகச் சிக்கல் என்று காரணங் கூறினர். கணக்குப் பதிவதும் சரிபார்ப்பதும் கடினமென்பது உண்மையே. ஆனால் நாட்டிலுள்ள ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் கூப்பன் புத்தகம் அச்சிட்டு வாரந்தோறும் அரிசி அளந்து கொடுத்த நிர்வாகத்துக்கு, சில ஆயிரம் செல்வரின் கணக்கு எப்படிப் பெருஞ்சுமையாயிற்று? 1963இல் கால்டோரே ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில், வறிய நாடுகள் வரி விதிக்கக் கற்றுக்கொள்ளுமா என்ற வினாவைத் தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார்.

ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இருவரின் கருத்துகளுள் ஒன்று பழமொழியாயிற்று; மற்றொன்று சட்டப் புத்தகத்திலிருந்தும் நீங்கிற்று. தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

மக்கள் உண்பதே குற்றம் என்னும் தர்க்கம் றொபின்சனுக்கு முற்பட்டது. 1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டது, ஜே. ஆர். ஜயவர்த்தன அப்போது நிதியமைச்சர். ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்ரோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அந்த அச்சமே 1966 வரை அரிசியைக் காத்தது. அவ்வாண்டில் இரு கொத்து ஒரு கொத்தாகிற்று. 1979இல் உணவு முத்திரை வந்தது. பின்னர் அதன் பணப் பெறுமதியைப் பணவீக்கம் தின்றது. உபதேசம் எப்பொழுதும் உவமையின் மொழியிலேயே வந்தது: நாடு வரவுக்கு மிஞ்சி உண்கின்றது.

உள்நாட்டுப் பேராசிரியர்களிடையே மாற்றுக் குரல் இல்லாமற் போகவில்லை. பேராதனையிற் பொருளியற் பேராசிரியராயிருந்த எச். ஏ. டி எஸ். குணசேகர, 1825 முதல் 1957 வரையான நாணய வரலாற்றை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல், குடியேற்ற நாட்டின் நாணயம் சார்புநிலையிலிருந்து மத்திய வங்கிவரை வந்த வழியைக் காட்டிற்று. 1970இல் அவர் திட்டமிடல் அமைச்சின் செயலாளரானார். பேராசிரியர் அதிகாரத்தை நேரே ஏற்றதன் விளைவு தனிக் கட்டுரைக்குரியது.

2022 ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை நிறுத்தியபோது, நாடு வரவுக்கு மீறி வாழ்ந்தது என்ற விளக்கமே எங்கும் ஒலித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்திருந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடைபெற்றபோது, திறைசேரி முறிகளின் பரிமாற்றம் ஊழியர் சேமலாப நிதியம் முதலிய ஓய்வுகால நிதியங்கள்மீது விழுந்தது, வங்கிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் அந்நிதியத்திலேயே உள்ளது. அதே ஆண்டு சர்வதேச நாணய நிதியத்துடன் செய்யப்பட்ட ஏற்பாட்டில் இருவகை வரிகள் இடம்பெற்றன. எல்லோரும் செலுத்தும் பெறுமதி சேர் வரி, குறித்தபடி 2024 ஜனவரி முதலாந் திகதி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. சொத்துடையோர்மீது 2025க்குள் விதிக்கப்படவேண்டியிருந்த வரியோ பிற்போடப்பட்டது.