குடும்ப மீன்பிடிப் படகு (அமெரிக்கா)

அமெரிக்கக் கடலோரங்களில் பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் குடும்பங்கள் வைத்திருக்கும் சிறு விசைப்படகு. பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனது. பின்புறத்தில் அவுட்போர்டு மோட்டார் பொருத்தியிருக்கும்.

தட்டையான அடிப்பாகம் ஆழமற்ற கழிமுகத்தில் ஆடாமல் நிற்கும். அலையில் ஓட்டினால் இடுப்பெலும்பைப் பதம்பார்த்துவிடும். ஆப்பு வடிவ அடிப்பாகம் அலையை வெட்டிச் செல்லும், நிறுத்தினால் பக்கவாட்டில் உருளும். பிள்ளைகளோடு போவோர்க்கு விளிம்பு உயரமாகவும், தளத்து நீர் தானே வடிவதாகவும் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் மிதப்புத்திறன். ரிச்சர்ட் ஃபிஷர் 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 13 அடி 'பாஸ்டன் வேலர்' படகில், இரு கண்ணாடியிழை ஓடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைக்கப்பட்டிருந்தது. அவர் உட்கார்ந்திருக்கையிலேயே அதை இரண்டாக அறுத்துக் காட்டும் படங்கள் 1961இல் 'லைஃப்' இதழில் வந்தன, படகு மூழ்கவில்லை. இதைவிட நல்ல விளம்பரம் படகுத் தொழிலில் அரிது.

இன்று 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான அவுட்போர்டு படகுகள், நீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. ஆள் எண்ணிக்கை, மொத்த எடை, மோட்டாரின் குதிரைத்திறன் ஆகியவற்றின் உச்சவரம்பைச் சொல்லும் தகடும் அவற்றில் கட்டாயம். அந்த வரம்பு அமைதியான வானிலைக்கானது. அலையடிக்கும் நாளில் ஆளைக் குறைக்க வேண்டும்.

நுரை அடைத்த பழைய படகு வாங்குவோர் அதை எடைபோட்டுப் பார்க்கலாம்: நுரை நீரில் ஊறியிருந்தால் எடை கூடியிருக்கும்.